நாற்பது நாள் தூங்காத தையல்நாயகி

சங்குமுனை கிளை நூலகத்தின் கூரை ஒழுகுவது ஒன்றும் புதிதில்லை, அது ஒழுகாத ஐப்பசியை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை, ஆனால் அந்த வருஷத்து மழையில் ஓடு பிரிந்து தண்ணீர் நேராகக் கண்ணாடி அலமாரிக்குள்ளேயே இறங்கி, ஊரே 'நம்ம கதை' என்று செல்லமாகச் சொல்லும் அந்தப் பழைய நாவலின் முதல் பதிப்பைச் சொதசொதவென்று நனைத்துவிட்டது. நூலகர் உத்திராபதி தலையில் அடித்துக்கொண்டு, கட்டைப் பிரித்து, தாள் தாளாக எடுத்து, மழை விட்ட ஒரு மத்தியானம் நூலகக் கொல்லையில் கொடி கட்டி, வீட்டிலிருந்து துணி கிளிப்புகளை அள்ளிக்கொண்டு வந்து, நூற்றைம்பத்தாறு தாள்களையும் வெயிலில் காயப்போட்டார். நாலு மணிக்கு எடுக்கப் போனால் கொடிக்குக் கீழே, நனைந்த புடவையோடு, ஒரு பெண்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். உத்திராபதி அவளைப் பார்த்தார், கொடியில் ஆடிய தாள்களைப் பார்த்தார். தையல்நாயகி என்ற பெயர் இருந்த இடம், அவள் பேசிய இடம், அழுத இடம், நடந்த இடம் எல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. "வந்துட்டீங்களா, உள்ள வாங்கம்மா, இங்க ஈரமா இருக்கு" என்றார் உத்திராபதி, வேறென்னத்தைச் சொல்வது?

தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சங்குமுனைக்காரர் ஒருவர் எழுதிய கதை அது. வெளியூரில் அதைப் படித்தவர்கள் உண்டா என்பது சந்தேகம்தான், ஆனால் சங்குமுனையில் தையல்நாயகி பேருந்து நிறுத்தம் உண்டு, தையல்நாயகி மாவு மில் உண்டு, தையல்நாயகி பேன்சி ஸ்டோர் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதன் அத்தியாயங்களை வரிசை பிசகாமல் சொல்வார்கள். தையல்நாயகியின் புருஷன் கப்பலேறி ரங்கூனுக்குப் போய் ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். வந்தவனைப் பார்த்து, "இவர் அவரில்லை" என்கிறாள் அவள். அதே முகம், அதே குரல், முழங்காலில் அதே தழும்பு, இருந்தாலும் இவர் அவரில்லை, அவர் வேஷத்தில் வேறு யாரோ வந்திருக்கிறார் என்கிறாள். அதையே சொல்லிச் சொல்லி, சோறும் இறங்காமல் உறக்கமும் பிடிக்காமல், கடைசி அத்தியாயத்தில், தை அமாவாசைக் காலையில் ஊரே கடலில் தலைமுழுகிக்கொண்டிருக்கும்போது, நிஜப் புருஷனைக் கையோடு கூட்டிவரக் கிழக்கே பார்த்துக் கடலுக்குள் நடந்து போய்விடுகிறாள். குளிக்கத்தான் இறங்குகிறாள் என்று நினைத்துக் கரையிலிருந்தவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று கதை முடியும். அதிலிருந்து ஒவ்வொரு தை அமாவாசைக்கும் வீட்டுக்கு இரண்டு சிவப்புக் கண்ணாடி வளையலை அவளுக்கென்று கொண்டுபோய் அலையில் விடுவது சங்குமுனை வழக்கம். கதைதானே அய்யா, அதில் வருகிறவளுக்கு எதற்கு வளையல் என்று ஒரு வெளியூர் மாப்பிள்ளை கேட்டு, அவருக்கு அந்த வருஷம் தலைதீபாவளி இல்லாமல் போனது.

இந்தக் கதையால் ஊர் இரண்டு கட்சியாகக் கிடந்தது. திரும்பி வந்தவன் வேஷக்காரன்தான், தையல்நாயகி சொன்னது சத்தியம் என்பவர்கள் 'அவரில்லை' கட்சி, அதற்குத் தலைவர் உத்திராபதி. வந்தவன் புருஷனேதான், அவளுக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டது என்பவர்கள் 'அவர்தான்' கட்சி, அதற்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அகோரம் சார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சாதகத்துக்கு முன்னால் கட்சியைத்தான் கேட்பார்கள்.

ஆகவே தையல்நாயகி வந்துவிட்டாள் என்ற சேதி பரவி, விளக்கு வைப்பதற்குள் நூலகத்து வாசல் நிரம்பியதில் ஆச்சரியமில்லை. அவள் எப்படி வந்தாள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, இத்தனை நாளாய் ஏன் வரவில்லை என்றுதான் பெண்கள் அங்கலாய்த்தார்கள். அகோரம் சார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, "அம்மா, அறுபது வருஷமா இதை நெனைச்சு நெனைச்சுத் தலை வெளுத்துப்போச்சு, நீங்களே வாயைத் தொறந்து சொல்லிடுங்க, வந்தவர் யாரு?" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய அச்சுத் தமிழில், "ஐயா பெரியவரே, இவர் அவரில்லை! என் நாதர் அக்கரையிலே அல்லவோ தவிக்கிறார்!" என்றாள். அப்பப்பா, என்ன கைதட்டல், என்ன விசில்! 'அவரில்லை' கட்சிக்காரர்கள் ஜெயித்தோம் என்று குதித்தார்கள், பார்த்தீர்களா புத்தி பிசகியதை என்று 'அவர்தான்' கட்சிக்காரர்களும் ஜெயித்தோம் என்றே குதித்தார்கள், இன்னொரு தரம் சொல்லச் சொல்லு என்று பின்னாலிருந்து கத்தினார்கள், அவளும் இன்னொரு தரம் சொன்னாள், இன்னும் ஒரு தரம் சொன்னாள்.

அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அஞ்சம்மாள் உள்ளே வந்தாள். நனைந்த துணியோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இலுப்பூர்ப் பக்கத்து வறண்ட காட்டுக்காரி, மாற்றலாகி வந்து பதினோரு வருஷம் ஆகியும் 'நம்ம கதை'யைத் தொட்டுப் பார்க்காதவள் என்பதால், எல்லாப் பிள்ளைக்கும் தடுப்பூசி போட்டது அவளாகவே இருந்தாலும், ஊர் அவளை அரை ஆளாகத்தான் சேர்த்துக்கொண்டிருந்தது. கல்யாணம் காட்சி என்று அவளுக்கு எதுவும் அமையவில்லை, படிக்க வைத்த இரண்டு தம்பிகள் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவார்கள், சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸ், அதில் ஒரு ஆளுக்குச் சோறு, அவ்வளவுதான் அவள் பாடு. வந்தவள் கதையில் வருகிறவளா காட்டில் வருகிறவளா என்று அஞ்சம்மாள் யோசிக்கவில்லை. வெடித்த உதட்டைப் பார்த்தாள், வீங்கிய பாதத்தைப் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே அப்பிக்கிடந்த கருப்பைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, எப்ப சாப்பிட்ட?"

தையல்நாயகி விழித்தாள். கதையில் அவளை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை.

"தூங்கி எத்தனை நாளாச்சு?"

"நாற்பது நாள்" என்று அவளுக்குப் பதிலாக அகோரம் சாரே சொன்னார். "ஒன்பதாம் அத்தியாயம். நாற்பதுங்கறது ஒரு குறியீடு நர்சம்மா, அதைப் பத்தி நான் கட்டுரையே எழுதியிருக்கேன்."

"நாப்பது நாளா தூங்கலையா!" அஞ்சம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "படுபாவிங்களா, ஒருத்தர்கூடவா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல?"

கூட்டத்தில் ஒருவர், "அந்தக் காலத்துல ஏது டாக்டர்" என்று முனகினார். அஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்து எழுப்பி, தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போய், வெந்நீர் வைத்துக் குளிக்க வார்த்து, தன் புடவையொன்றைக் கட்டிவிட்டு, குழையக் குழையப் பருப்புச் சோறு பிசைந்து கொடுத்தாள்.

இரண்டாவது வியாழக்கிழமை மனநல டாக்டர் சுகாதார நிலையத்துக்கு வரும் நாள். சின்ன வயசு டாக்டரம்மா, நூறு பேரைப் பார்த்த களைப்பு, ஓ.பி. சீட்டில் பெயர் தையல்நாயகி, வயது இருபத்தாறு, முகவரி சங்குமுனை கிளை நூலகம், முதல் பதிப்பு என்று அஞ்சம்மாள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். முக்கால் மணி நேரம் பேசினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது, கை நடுங்கினால் சொல்லுங்கள், தூங்கினால் எழுப்பாதீர்கள் என்றார். தையல்நாயகி தூங்கினாள். அன்றைக்குத் தூங்கினவள் மறுநாள் மத்தியானம் எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் தூங்கினாள். தெருவில் ஐஸ்காரர்கூட மணியடிக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஊர் அவளைத் தலையில் வைத்துக் கூத்தாடியது என்றுதான் சொல்ல வேண்டும். திங்கள், புதன், வெள்ளி 'அவரில்லை' கட்சி வீட்டுச் சாப்பாடு, மற்ற நாள் 'அவர்தான்' கட்சி வீட்டுச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அடிதடி. தையல்காரர் அளவெடுத்து ஆறு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார், ரேஷன் கடையில் அவளை வரிசையில் நிற்க விடவில்லை. வீட்டுக்கு வீடு இருந்த பிரதிகளிலும் அவள் இருந்த இடமெல்லாம் வெள்ளையாகிவிட்டதால், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து 'நம்ம கதை' பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நோட்டோடு நேரே அவளிடமே வந்தார்கள். ஆனால் சோறு கொண்டுவருகிறவர்கள் ஒருவர் விடாமல், பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "அந்த வசனத்தை ஒருதரம் சொல்லுங்களேன்" என்பார்கள். கார்த்திகையில் சொன்னாள். மார்கழி பிறந்தபோது, "அது இப்ப சரியா ஞாபகம் வரலீங்க" என்றாள், அச்சுத் தமிழ் போய் அவள் வாயில் சங்குமுனைப் பேச்சு வந்திருந்தது. வந்தவர்கள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்கள்.

"நர்சம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று அகோரம் சார் ஒருநாள் சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டார். "மாத்திரை குடுத்து இவங்களைச் சரி பண்ணிட்டீங்கன்னா, கதை என்னாகிறது?"

"தூங்குறாங்க சார்" என்றாள் அஞ்சம்மாள்.

"அது சரி. கதை?"

"நேத்து ரெண்டு இட்லி கூட வாங்கித் தின்னாங்க சார்" என்றாள் அஞ்சம்மாள்.

காலையில் பிள்ளைகளை எடை போடும்போது தையல்நாயகி கூடவே நிற்பாள், பஞ்சு கிள்ளுவாள், ஊசிக்கு அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவாள், "அக்கா, இது உங்களைப் பார்த்தாலே அழுவுது, நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க" என்று கேலி பண்ணுவாள். பதினோரு வருஷமாக ஒரு ஆளுக்குச் சமைத்த அஞ்சம்மாளுக்கு இரண்டு ஆளுக்கு உப்பு போட இன்னும் கை பழகவில்லை, ஒன்று கரிக்கும், ஒன்று சப்பென்றிருக்கும், இரண்டையும் அவள் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே அஞ்சம்மாள் கேட்டாள்.

"அந்த மனுஷன் உன்னை அடிச்சாரா புள்ள?"

"யாரு, அவரா? இல்லக்கா" என்றாள் தையல்நாயகி. "அழுதாரு. ராவும் பகலும் நான்தான் நான்தான்னு அழுதாரு. அழுவ அழுவத்தான் எனக்கு அந்நியமாப் போச்சு."

அன்றைக்குத்தான் அஞ்சம்மாள் முதல்முறையாக நூலகத்துக்குப் போய் 'நம்ம கதை'யை வாங்கி வந்தாள். அவள் படித்த பிரதியில் புருஷன் மட்டும்தான் இருந்தான். முழங்காலைத் திறந்து தழும்பைக் காட்டினான், எதிரே வெள்ளைத்தாள். கல்யாணத்தில் கட்டிய புடவை என்ன நிறம் என்று சொன்னான், எதிரே வெள்ளைத்தாள். சாட்சிக்குத் தாயைக் கூட்டி வந்தான், தாசில்தாரைக் கூட்டி வந்தான், ஐயனார் கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினான், எதிரே வெள்ளையோ வெள்ளை. அய்யோ பாவி மனுஷா, வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் பக்கத்தில் உட்காரக் கூடாதா என்று அஞ்சம்மாளுக்கு அழுகையாக வந்தது. கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள். கடல், கரை, கைகட்டி நின்ற ஜனம். நடுவில் ஒன்றுமேயில்லை. அவள் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் உத்திராபதியிடம் ஓடினாள்.

"இதுல என்ன இருந்துச்சு சார்?"

உத்திராபதி சொன்னார், சொல்லும்போதே கண் கலங்கினார், எப்போது சொன்னாலும் அவருக்குக் கலங்கும். சொல்லிவிட்டு ஒரு சந்தோஷ சேதியும் சொன்னார். இந்த வருஷம் தை அமாவாசைக்கு ரெண்டு கட்சியும் சேர்ந்து விழாக் கமிட்டி போட்டாயிற்று, ஷாமியானா சொல்லியாயிற்று, தையல்நாயகிதான் சிறப்பு விருந்தினர், அவங்க கையாலேயே முதல் வளையலை விடப் போகிறார்கள்.

"கடல்லயா? அந்தப் புள்ளையையா?"

"அது கதைங்க நர்சம்மா."

"அவளும்தான் சார் கதை! அவளுக்குச் சளி புடிக்குதே, வயித்தை வலிக்குதே!"

அஞ்சம்மாள் கமிட்டிக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். யாரும் அவளை விரட்டவில்லை, எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். நாங்கள் நூறு பேர் கரையில் நிற்கும்போது அவங்களை விட்டுவிடுவோமா, எங்கள் தாயில்லையா, எங்கள் மகள் இல்லையா என்றார்கள், ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுத்தான் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துப் போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தது. எட்டு நாள், அக்கரை உப்பளத்துக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போக வேண்டும், மாற்று ஆள் கிடையாது. அஞ்சம்மாள் மாத்திரை அட்டையை உத்திராபதியிடம் கொடுத்து, "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு, ஒருநாள்கூட விடக்கூடாது" என்று ஏழு தரம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த நாள் விழாக் கமிட்டிப் பெண்கள் வந்தார்கள். முதல் வளையல் விடுகிறவள் ஏழு நாள் விரதம் இருக்க வேண்டும், ராத்திரிக்குப் பாலும் பழமும்தான், மருந்து மாத்திரை ஆகாது, அது சாமி காரியம் என்றார்கள். உத்திராபதி யோசித்துப் பார்த்தார், நர்சம்மா சொன்னதும் சாப்பாட்டுக்கு அப்புறம்தானே, சாப்பாடே இல்லாதபோது மாத்திரை எப்படி என்று அவருக்குத் தோன்றியது. அட்டையைப் பத்திரமாகக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வேண்டுமென்று செய்யவில்லை, அவ்வளவு பிரியம் அவருக்கு.

தை அமாவாசைக் காலையில் முதல் ஷேர் ஆட்டோவைப் பிடித்து அஞ்சம்மாள் வந்து இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கரை கொள்ளாத ஜனம், எல்லார் கையிலும் சிவப்பு வளையல். ஷாமியானாவுக்குக் கீழே தையல்நாயகி நின்றாள், பழைய காலத்துக் கண்டாங்கிச் சேலை கட்டி, தலைநிறையக் கனகாம்பரம் வைத்து. கிட்டப் போய்ப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே அதே கருப்பு.

"தையலு! எத்தனை நாளா தூங்கல?"

தையல்நாயகி அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், முகத்தையே மறுபடியும் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"என்னடி இது, நான்தான். அக்கா."

"அக்கா மாதிரியேதான் இருக்கீங்க" என்றாள் தையல்நாயகி மெதுவாக. "எங்க அக்காவ எங்க கொண்டுபோய் வெச்சிருக்கீங்க?"

அதைச் சொல்லிவிட்டு அவள் கிழக்கே திரும்பி நடந்தாள். முதல் வளையல் விடத்தான் போகிறாள் என்று ஜனம் விலகி வழிவிட்டது. மேடையில் அகோரம் சார் மைக்கைப் பிடித்து, தாளில் இல்லாவிட்டால் என்ன, நெஞ்சில் இருக்கிறதே என்று கடைசி அத்தியாயத்தைப் பாராமல் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் நடந்தாள் என்றபோது அவள் நடந்தாள், முழங்கால் நனைந்தது என்றபோது முழங்கால் நனைந்தது. பெண்கள் அழுதார்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து கேட்ட கதை கண்ணெதிரே நடக்கிறதே என்று ஒருத்தருக்கும் இமை கொட்டவில்லை. அவள் இடுப்பளவு தண்ணீருக்குப் போனபோதுதான் யாரோ ஒருவர், "ஏங்க, இன்னும் வளையலை விடலையே" என்றார்.

அஞ்சம்மாள் அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்தாள். யூனிஃபார்ம் சேலை காலைச் சுற்ற, விழுந்து எழுந்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, அவள் தோளை எட்டிப் பிடித்தாள். "நான்தான்டி! பாரு, இந்தக் கடிகாரத்தைப் பாரு! குக்கர் சுட்ட தழும்பு பாரு, நீதானே மஞ்சள் வெச்ச!" கரையிலிருந்தும் குரல்கள் கிளம்பின. நர்சம்மாதாம்மா அது! எங்க புள்ளைக்கு ஊசி போட்டவங்கதான்! சத்தியமா அவங்கதான்! நூறு வாய் சாட்சி சொல்லச் சொல்லத் தையல்நாயகி தோளை உதறிக்கொண்டு இன்னும் ஆழத்துக்குப் போனாள். "அக்காவும் அங்கதான் இருக்கா, அவரும் அங்கதான் இருக்காரு, ரெண்டு பேரையும் கூட்டியாரேன்" என்றாள்.

தழும்பைக் காட்ட நீட்டிய கையை அஞ்சம்மாள் பாதியில் நிறுத்தினாள். இதைத்தானே அந்த மனுஷனும் முந்நூறு பக்கம் செய்தான் என்று அவளுக்கு உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. உத்திராபதியைப் பார்த்து இவள் ஒருநாளும் நீ அவரில்லை என்று சொன்னதில்லை, அகோரம் சாரைச் சொன்னதில்லை, சோறு கொண்டுவந்த நூறு பேரில் ஒருத்தரைச் சொன்னதில்லை. புருஷனைச் சொன்னாள், இப்போது என்னைச் சொல்கிறாள். உயிராய் நினைத்த முகம்தான் இவளுக்கு இப்படி மாறிப்போகிறது. அந்த அலைக்கு நடுவில், பயத்துக்கு நடுவில், அஞ்சம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரி புள்ள" என்றாள். "நான் யாரோவாவே இருந்துட்டுப் போறேன். ஆனா தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு. நான் இலுப்பூர்க்காரி, எனக்கு நீச்சல் தெரியாது. பயமா இருக்கு. என்னைக் கரையில கொண்டுபோய் விட்டுட்டுப் போறியா?"

பொய்யில்லை அது. ஊரணித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் இறங்காதவள் அவள், பல் கிட்டித்து உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள். எதிரே அறியாத பொம்பளை ஒருத்தி தண்ணீரில் தவிக்கிறாள். கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க அவள் என்ன கரையில் நின்ற ஜனமா? "அடக் கடவுளே, நீச்சல் தெரியாம எதுக்கு எறங்குனீங்க?" என்று திட்டிக்கொண்டே அஞ்சம்மாளின் கையைப் பிடித்தாள், இன்னொரு கையை இடுப்பில் கொடுத்தாள், "அலை வரும்போது குதிங்க, இப்ப குதிங்க" என்று சொல்லிச் சொல்லி, அடி அடியாகக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மைக்கில் அகோரம் சாரின் குரல் அவள் திரும்பினாள் என்று சொல்லிப் பார்த்தது, அதற்கு மேல் அவருக்கு வாசகம் தெரியவில்லை. உத்திராபதி கையிலிருந்த வளையலை மணலில் போட்டுவிட்டு, வேட்டியோடு தண்ணீரில் ஓடிவந்து, இருவருக்கும் துண்டு போர்த்தினார். அப்புறம்தான் மற்றவர்களுக்கும் கை இருப்பது ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே உத்திராபதி அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அஞ்சம்மாள் திட்ட நினைத்து, திட்டாமல், ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பினாள். அகோரம் சார் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "நாப்பது வருஷம் பாடம் நடத்தினேன் நர்சம்மா, அந்தப் பொண்ணுக்குத் தூக்கம் வரலையேன்னு ஒருநாள்கூட எனக்குத் தோணலையே" என்று வந்து தேம்பினார். யாரும் தீர்மானம் போடவில்லை, ஆனால் கட்சிப் பேச்சு தானாகவே தேய்ந்து போனது. இப்போதெல்லாம் சங்குமுனையில் ஒருத்தரை ஒருத்தர் வழியில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால், நல்லா தூங்குனீங்களா என்று கேட்கிறார்கள். வெளியூர் ஆட்களுக்குத்தான் அது வேடிக்கையாக இருக்கிறது.

தையல்நாயகிக்குத் தூக்கம் திரும்பியது, பசி திரும்பியது, வேலையில் கையும் திரும்பியது. அக்கா மட்டும் திரும்பவில்லை. குவார்ட்டர்ஸில் தன்னோடு இருப்பது நீச்சல் தெரியாத, போக்கிடம் இல்லாத யாரோ ஒருத்தி என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதற்காகக் கோபமும் இல்லை, பாவம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல் மரியாதையாக நீங்க, வாங்க என்றே பேசினாள். கொஞ்சம் நாளாகும், சிலசமயம் ரொம்ப நாளாகும் என்றார் டாக்டரம்மா. அஞ்சம்மாள் நான்தான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சோறு போட்டாள், மாத்திரையை எடுத்து வைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் இருவரும் முறத்தை நடுவில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்க நல்லாத்தான் சமைக்கிறீங்க" என்றாள் தையல்நாயகி. "ஆனா எங்க அக்கா கைமணம் வராது. அவளுக்கு உப்பே போடத் தெரியாது, ஒருநாள் கரிக்கும், ஒருநாள் சப்புன்னு இருக்கும். அப்படியும் அமிர்தமா இருக்கும்."

அஞ்சம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாய்தான் கடுகடுன்னு பேசுவா. ஊர்ல யாருமே என்னைக் கேக்காததை அவதான் கேட்டா, எப்ப சாப்பிட்டன்னு. அவளுக்குன்னு யாரும் இல்லைங்க. அதான் எங்க இருக்காளோ, யாரு அவளுக்குத் தலைவலின்னா தைலம் தேய்க்கிறாங்களோன்னு கவலையா இருக்கு."

பிறந்து நாற்பத்தெட்டு வருஷத்தில் அஞ்சம்மாளைப் பற்றி யாரும் இப்படிக் கவலைப்பட்டதில்லை. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு அழுவுறீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. உங்க அக்கா குடுத்து வெச்சவ."

தையல்நாயகி ஆய்ந்த கீரையை ஒதுக்கிவிட்டு, அடுத்த கொத்தை எடுத்தாள்.

"ஒருவேளை நான் தூங்குற நேரமாப் பார்த்து அவ வந்துட்டான்னா, நீங்க மறக்காம சொல்லணும். நான் அவளைத் தேடி எங்கயும் போயிடலை, இங்கயேதான் இருக்கேன்னு."

"சொல்றேன்" என்றாள் அஞ்சம்மாள்.